உள்ளப் புண் ஆற்றிய மருத்துவர்

போர்க்களத்தில் வீரர் பெறும் புண்ணைப் பழந்தமிழர் இருவகையாகப் பகுத்தனர். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண்; முதுகிற் பட்டது புறப்புண். முன்னதைப் பெற்றவர் புகழ் பெற்றனர். பின்னதைப் பெற்றவர் நாணித் தலைகுனிந்தனர். ஆயின், மார்பிலும் அன்றி முதுகிலும் அன்றி, உள்ளத்திற் படும் புண் ஒன்று உண்டு. அது குருதி சிந்துவதில்லை. கட்டுப்போட்டு ஆற்றுவதற்கு இடம் தருவதும் இல்லை. போர் ஓய்ந்து, களம் நீங்கி, வீடு திரும்பிய பின்னரும் அஃது இரவுதோறும் புதிதாய்ப் பிளக்கும். இப்புண் புகழ்தற்குரியதோ பழித்தற்குரியதோ என்று அறியாது உலகம் நெடுங்காலம் மயங்கிற்று. பெரும்பாலும் பழித்தற்குரியது என்றே முடிவு செய்தது.

அங்ஙனம் பழிக்கப்பட்டோர் அருகில் அமர்ந்து, அவர்தம் சொற்களைப் பொறுமையுடன் கேட்டு, அவர்கள் கோழைகள் அல்லர், நோயாளர்களே என்று உணர்ந்து, அந்நோய்க்கு மருந்தும் தேடிய சான்றோர் சிலருள் முன்வரிசையில் நிற்பவர் வில்லியம் ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். நம் நீலமலைக்கு வந்து தங்கி, அங்கு வாழும் பழங்குடி மக்களின் வரலாற்றைக் கேட்டு எழுதியவரும் இவரே. கேட்டல் என்னும் ஒரு செயலையே வாழ்நாள் முழுதும் தவமாகச் செய்த அவர் வரலாறு நாம் அறிந்து பயன்பெறத் தக்கது.

பிறப்பும் இளமையும்

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்துச் சாத்தம் நகரை அடுத்த லூட்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் ஹென்றி ரிவர்ஸ் ஒரு கிறித்தவக் குருவாவார். அவர், திக்குவாய் உடையார்க்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் பணியையும் மேற்கொண்டிருந்தார். ரிவர்ஸின் தாய்மாமனாகிய ஜேம்ஸ் ஹண்ட் என்பாரும் அத்துறையிற் பெயர் பெற்றவரே. பிறர் நாவின் தடையை நீக்குவதே தொழிலாகக் கொண்ட அக்குடும்பத்தில் பிறந்த ரிவர்ஸுக்கே பேச்சிற் திக்கும் குறை இருந்தது! தந்தையார் எவ்வளவோ முயன்றும் அக்குறை அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை. சொல்ல விழைவது நெஞ்சில் இருந்தும் சொல் வெளிவராது தடைப்படும்போது உண்டாகும் துன்பம் எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே தம் பட்டறிவால் அறிந்திருந்தார். பின்னாளில், பேச இயலாது தவித்த போர்வீரர் முன் அவர் அத்துணைப் பொறுமையோடு அமர்ந்திருந்ததற்கு இவ்வறிவு துணை செய்திருக்கும் என்று கருதுதல் தவறாகாது.

அவர்பால் மற்றொரு புதுமையும் இருந்தது. கண்ட காட்சியை மனக்கண் முன் மீண்டும் கொணரும் ஆற்றல் அவருக்கு மிகக் குறைவு. ஐந்து வயது வரை தாம் வாழ்ந்த வீட்டின் கீழ்ப்பகுதி ஒருவாறு நினைவிருக்க, அதன் மேல்மாடி மட்டும் அடியோடு மறந்து போயிருந்ததை அவரே பிற்காலத்தில் தம் நூலில் எழுதியுள்ளார். மனம் சிலவற்றைப் பற்றிக் கொள்வதும், சிலவற்றை மூடி மறைப்பதும் ஏன் என்னும் வினா, அவர் வாழ்வோடு தொடர்ந்து வந்தது.

டன்பிரிட்ஜ்ப் பள்ளியிற் பயின்ற ரிவர்ஸ், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்திற் பயில்வதற்கு உரிய உதவித்தொகைத் தேர்வை எழுத இருந்த வேளையில், கடுமையான குடற்காய்ச்சலால் படுக்கையில் வீழ்ந்தார். தேர்வு கைநழுவிப் போயிற்று. எனினும் அவர் மனம் தளர்ந்தாரல்லர். 1882இல் இலண்டன் மாநகரில் உள்ள புனித பர்த்தலோமியு மருத்துவமனையிற் சேர்ந்து கற்று, 1886இல் தமது 22ஆம் வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். சில காலம் கப்பல் மருத்துவராகக் கடலிற் சென்றார். பின்னர் மூளை, நரம்பு ஆகியவற்றின் நோய்களை ஆராயும் மருத்துவமனையிற் பணிபுரிந்தார். 1893இல், முன்பு மாணவராய் நுழைய இயலாது போன கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகமே அவரை ஆசிரியராக அழைத்துக் கொண்டது.

கடல் கடந்த ஆராய்ச்சி

1898இல் ஹேடன் என்னும் அறிஞர் தலைமையில் அறிஞர் குழு ஒன்று, ஆத்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. ரிவர்ஸும் உடன் சென்றார். அவருடைய மாணவராகிய சார்லஸ் மயர்ஸ் என்பவரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். அத்தீவு மக்களின் கண்பார்வையைச் சோதிக்கும் பணி ரிவர்ஸுக்கு உரியதாயிற்று. பார்வை ஆற்றல் தலைமுறை தலைமுறையாக வருவதோ என்று அறிய விரும்பிய அவர், ஒவ்வொருவரிடமும் தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர், உடன்பிறந்தார் முதலியோரின் பெயர்களைக் கேட்டு வரிசைப்படுத்தலானார். தொடங்கியது கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி. விளைந்ததோ குடிவழி கேட்டு ஒரு மக்களின் வாழ்க்கையையே அறியும் புதிய முறை. இம்முறை பின்னர் மாந்தரினவியல் அறிஞர் பலரால் மேற்கொள்ளப்பட்டது.

அடுத்து, 1901, 1902ஆம் ஆண்டுகளில் ரிவர்ஸ் நம் நீலமலைக்கு வந்தார். தோடர் எனவும் தோதவர் எனவும் அழைக்கப்பெறும் மக்கள் அங்கே எருமை மந்தைகளைப் பேணி, பால்மனைகளையே கோயில்களாகப் போற்றி வாழ்ந்து வந்தனர். ரிவர்ஸ் அவர்கள் மொழியை அறியார். ஆகவே மொழிபெயர்ப்பாளரைத் துணைக் கொண்டார். ஒவ்வொரு குடியின் வழிமுறையையும், சடங்கையும், உறவுமுறையையும் பொறுமையுடன் கேட்டு எழுதினார். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு மெய் தெளிந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1906இல் 'தோடர்கள்' என்னும் பெருநூல் வெளிவந்தது. அயலார் தம் வழக்கங்களைப் பற்றிக் கூறும்போது இகழாதும் இடைமறியாதும் கேட்கும் பண்பு, அம்மலைச்சாரலில் அவர்பால் மேலும் முதிர்ந்தது எனலாம்.

பிறருடைய வலியை அளந்தறியும் ஆராய்ச்சி ஒன்றையும் அவர் செய்தார். அவருடைய நண்பராகிய ஹென்றி ஹெட் என்னும் மருத்துவர், அறிவு வளர்ச்சியின் பொருட்டுத் தம் முன்கை நரம்பு ஒன்றை 1903இல் அறுவை செய்வித்துக் கொண்டார். அறுபட்ட நரம்பு மீண்டும் கூடி உணர்ச்சி திரும்பும் வகையை இருவரும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்தனர். ஹெட் கண்களை மூடி அமர்ந்திருக்க, ரிவர்ஸ் ஊசியாலும் பஞ்சாலும் குளிர்ச்சியாலும் வெப்பத்தாலும் தீண்டி, அவர் உணர்ந்து கூறியவற்றைக் குறித்துக் கொள்வார். பிறர் படும் நோவு நம் கண்ணுக்குப் புலப்படாது; அவர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும் என்னும் உண்மை அவருக்கு நாள்தோறும் பாடமாயிற்று. 1908இல் அவர் இங்கிலாந்தின் தலைசிறந்த அறிவியற் கழகமாகிய ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

போரும் புதிய நோயும்

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஐரோப்பாவின் மேலைப் போர்முனையில் வீரர்கள் நெடிய அகழிகளைத் தோண்டி அவற்றுள் திங்கட் கணக்கில் பதுங்கியிருந்தனர். பீரங்கிக் குண்டுகள் இடைவிடாது வந்து வீழ்ந்தன. எதிர்த்து ஓடவும் இயலாது, பின்னே விலகவும் இயலாது, அடுத்த குண்டு தம்மீது வீழுமோ, தம் தோழர்மீது வீழுமோ என்று காத்திருப்பதே அவர்தம் வாழ்வாயிற்று. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சுதல் உயிரின் இயல்பு. அவ்வச்சத்தைக் காட்டவும் கூடாது, நினைக்கவும் கூடாது என்பது படையின் ஒழுங்கு. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட உள்ளங்கள் பல உடைந்தன.

உடம்பில் ஒரு காயமும் இன்றியே சிலர் ஊமையாயினர். சிலர் கண்பார்வை இழந்தனர். சிலர்க்குக் கைகால்கள் செயலற்றன. சிலர் இரவுதோறும் கொடுங்கனாக் கண்டு அலறி எழுந்தனர். இந்நோயைக் குறிக்கக் 'குண்டு அதிர்ச்சி' என்னும் பெயரை 1915இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதி, அதனைப் பரவச் செய்தவர் மேலே கூறப்பட்ட சார்லஸ் மயர்ஸ் ஆவார். குண்டு வெடிப்பால் மூளை அதிர்ந்து இந்நோய் வருகின்றது என்று முதலில் கருதினர். ஆயின் குண்டு வெடித்த இடத்தின் அருகே இல்லாதவர்க்கும் இந்நோய் வந்தமை கண்டு, இஃது உள்ளத்தைப் பற்றிய நோய் என்று மருத்துவருட் சிலர் தெளிந்தனர். போர் முடிவதற்குள் பிரித்தானியப் படையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்பர்.

அவர்கள்பால் உலகம் பெரிதும் இரங்கிற்றில்லை. ஊமையானவரைப் பேசுவிக்க மின்சாரம் பாய்ச்சித் துன்புறுத்தும் முறையும் அந்நாளில் கையாளப்பட்டது. களத்தை விட்டு ஓடியவர், கோழைமை காட்டியவர் எனக் குற்றம் சாட்டப்பட்டோர் படைமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாறு உயிரிழந்தோருள் இந்நோயால் நிலைகுலைந்தவரும் இருந்தனர். அவர்களில் 306 பேர்க்கு, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து, 2006இல்தான் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது.

கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை

1915இல் லிவர்ப்பூல் நகரை அடுத்த மாகல் என்னும் இடத்துப் படை மருத்துவமனையில் ரிவர்ஸ் பணி ஏற்றார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. 1916இல் அவர் படை மருத்துவப் பிரிவிற் காப்டன் பதவி பெற்று, காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரின் எல்லையில் இருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். முன்னர் நீர்ச் சிகிச்சை விடுதியாக இருந்த அப்பெருங்கட்டடம், உள்ளம் நொந்த படை அதிகாரிகளுக்கு உரிய மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது.

பகற்பொழுதில் அங்கு வருவோர்க்கு அஃது ஒரு மருத்துவமனை என்றே தோன்றாது. அதிகாரிகள் பந்தாடுவர்; உலாவுவர்; நகைத்துப் பேசுவர். இரவு வந்தால் அம்மாளிகை வேறொன்றாய் மாறிவிடும். அறைதோறும் முனகலும் அலறலும் எழும். பகல் முழுதும் அரும்பாடுபட்டு மறந்திருந்தவை எல்லாம் இருளில் உருக்கொண்டு வரும்.

அவ்வதிகாரிகளுக்கு அதுவரை கூறப்பட்ட அறிவுரை ஒன்றே. நடந்ததை மறந்துவிடுக, அதைப் பற்றி நினையாதீர், வேறு நல்லவற்றை எண்ணுக என்பதே அது. மருத்துவரும் கூறினர், பெற்றோரும் உற்றாரும் கூறினர். கேட்பதற்கு நல்லுரையாகத் தோன்றும் இதுவே நோயை வளர்க்கின்றது என்பதை ரிவர்ஸ் கண்டார். நீறு பூத்த நெருப்பு அணைந்த நெருப்பு ஆகாது. சீழ் கோத்த புண்ணின் மேல் தோல் மூடிக்கொண்டால் புண் ஆறிற்று எனக் கொள்ளல் பேதைமை. விழித்திருக்கும்போது அடக்கி வைத்த நினைவு, காவல் தளர்ந்த உறக்கத்தில் கனவாய்ப் பாய்கின்றது. ஆகவே நோய்க்குக் காரணம் நிகழ்ந்த கொடுமை மட்டும் அன்று; அக்கொடுமையின் நினைவை இடையறாது அடக்க முயலும் முயற்சியும் ஆகும் என்று அவர் தெளிந்தார்.

மனத்தின் ஆழத்தில் மறைந்து கிடப்பவை மேல்மனத்தைத் தாக்கும் என்று வியன்னா நகரத்து அறிஞர் சிக்மண்ட் பிராய்டு முன்னரே கூறியிருந்தார். ரிவர்ஸ் அக்கருத்திற் கொள்ளத்தக்கதைக் கொண்டார். தம் நோயாளர்க்குப் பொருந்தாததை விலக்கினார். உயிரைக் காத்துக்கொள்ளும் இயற்கை உணர்ச்சிக்கும், கடமை உணர்ச்சிக்கும் இடையே நிகழும் போராட்டமே இவ்வீரர் நோயின் வேர் என்பது அவர் முடிபு. கடமையிற் பற்றில்லாதவனுக்கு இப்போராட்டமே இல்லை அன்றோ? எனவே இந்நோய் கோழைமையின் அடையாளம் அன்று என்பது தானே விளங்கும்.

அவர் கையாண்ட முறை எளியது. நோயாளரைத் தம் அறையில் அமர்த்தி, விரைவின்றிப் பேசுவார். நிகழ்ந்ததை அவர் தம் வாயாற் கூறும்வரை காத்திருப்பார். அஞ்சியதற்காக நாண வேண்டுவதில்லை என்று தெளிவிப்பார். நோய் எவ்வாறு தோன்றிற்று என்பதை அவரே உணரும்படி விளக்குவார். பின்பு, பகலில் ஒரு சிறு பொழுது அந்நினைவை நேரே நோக்கிச் சிந்திக்குமாறும், எஞ்சிய பொழுதிற் பிற செயல்களில் ஈடுபடுமாறும் அறிவுறுத்துவார். நினைவை விரட்டுதலும் கூடாது. இரவும் பகலும் அதிலேயே மூழ்கிக் கிடத்தலும் கூடாது என்பது அவர் வகுத்த நடுவுநிலை.

இரு நோயாளர் வரலாறு

இம்முறையின் பயனை ஓர் அதிகாரியின் வரலாறு கொண்டு அறியலாம். அவர் களத்திற் காணாமற்போன தம் நண்பரைத் தேடிச் சென்றார். குண்டு வீழ்ந்து உடல் சிதைந்து கிடந்த நண்பரையே கண்டார். அன்று முதல் அக்கோர உருவம் இரவுதோறும் கனவில் அவரை நெருங்கி வந்தது. உறங்கவே அவர் அஞ்சினார். பகலில் அதனை மறக்கப் பெரிதும் முயன்றார், பயனில்லை. ரிவர்ஸ் அவர் கூறியவற்றை முழுதும் கேட்டார். பின்பு ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். உடல் அவ்வாறு சிதைந்தமையே, நண்பர் நொடிப்பொழுதில் உயிர் நீத்தார் என்பதற்குச் சான்று. காயமுற்றுப் பல நாள் கிடந்து வருந்தி இறக்கும் கொடுமை அவருக்கு நேரவில்லை. இதைக் கேட்ட அதிகாரியின் முகம் தெளிந்தது. நினைவை விரட்டாது, நண்பர் அடையாது தப்பிய துன்பத்தை எண்ணிப் பார்க்கலானார்.

சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்னர் ஒரு கனவு வந்தது. அதிலும் நண்பரின் உடல் சிதைந்தே கிடந்தது. ஆயின் அச்சம் இல்லை. அவர் அருகில் மண்டியிட்டு, நண்பரின் உறவினர்க்கு அனுப்புதற்கு உரிய பொருள்களை எடுத்தார். விழித்தபோது கண்கள் நீர் சொரிந்தன. உள்ளத்தில் எஞ்சியிருந்தது நண்பரை இழந்த துயரம் ஒன்றே. அச்சமாய் இருந்தது அழுகையாய் மாறிற்று. அழ முடிந்தவர்க்கு ஆறுதலும் அணித்தாயிற்று.

எல்லாரும் இவ்வாறு குணம் பெற்றனர் என்று கூறுதல் உண்மையாகாது. மற்றோர் அதிகாரி, குண்டு வெடிப்பில் தூக்கி எறியப்பட்டு, இறந்து பல நாளான ஒரு பகைவீரனின் உடல்மீது முகம் படிய வீழ்ந்தவர். அந்நினைவு சுவையாகவும் நாற்றமாகவும் அவரை விடாது பற்றியது. அந்நிகழ்ச்சியில் மனம் பற்றிக்கொண்டு தேறுதற்குரிய நன்மை ஒன்றையும் ரிவர்ஸால் காண இயலவில்லை. இவரைப் படைப்பணியிலிருந்து விடுவித்து, முன்பு சிறிது அமைதி தந்த நாட்டுப்புற வாழ்வுக்கு அனுப்புவதே தக்கது என்று முடிவு செய்தார். தம் முறை வென்ற இடத்தோடு, வெல்லாத இடத்தையும் மறையாது அறிஞர் அவைமுன் வைத்தார். 1917ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இலண்டனில் அவர் படித்த அவ்வாராய்ச்சியுரை, 1918இல் மருத்துவ இதழில் அச்சாயிற்று.

மருத்துவர் உள்ளத்துப் போராட்டம்

1917 ஜூலையில் சீக்பிரீட் சசூன் என்னும் இளங்கவிஞர் அம்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் வீரத்திற்காகப் பதக்கம் பெற்ற அதிகாரி. எனினும், போரை நிறுத்த வல்லவர்கள் வேண்டுமென்றே அதை நீட்டிக்கின்றனர் என்று வெளிப்படையாக அறிக்கை விடுத்துப் போரிட மறுத்தார். அவரைப் படைமன்றத்தின் முன் நிறுத்துவதை விடுத்து, நோயாளர் என்று கூறி இங்கே அனுப்பினர். அவரிடம் மனநோய் எதுவும் இல்லை என்பதை ரிவர்ஸ் விரைவில் உணர்ந்தார். இருவரும் அடிக்கடி அமர்ந்து உரையாடினர். சசூன் அவரைத் தந்தைபோல் மதித்தார். இறுதியில், தம் கருத்தை மாற்றிக் கொள்ளாமலே, களத்தில் துன்புறும் தம் வீரர்களைத் தனியே விட மனமின்றி, அவ்வாண்டு நவம்பரில் மருத்துவமனையை விட்டு நீங்கி மீண்டும் படைக்குச் சென்றார்.

இங்கே ரிவர்ஸுக்கு ஓர் அறக்குழப்பம் நேர்ந்தது. மருத்துவன் கடமை நோய் தீர்த்தல். நோய் தீர்ந்த வீரன் செல்ல வேண்டிய இடமோ போர்க்களம். உயிர் பிழைப்பித்த கையே உயிரிழக்கும் இடத்திற்கு வழிகாட்டுவதா? சசூனின் வாதங்கள் தம் உள்ளத்தையும் அசைத்தன என்பதை அவர் மறைத்தாரல்லர். அக்காலத்தில் தாம் கண்ட கனவு ஒன்றை ஆராய்ந்து, அதில் இப்போராட்டமே உருக்கொண்டது என்று எழுதினார். அதே மருத்துவமனையில் ஆர்தர் புரோக் என்னும் மருத்துவர் உழைப்பையும் கலையையும் மருந்தாகக் கொண்டு குணப்படுத்திய வில்பிரெட் ஓவன் என்னும் கவிஞர், போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு 1918 நவம்பர் 4ஆம் நாள் களத்தில் மாண்டார். சசூன் தலையிற் காயமுற்றும் உயிர் தப்பி, 1967 வரை வாழ்ந்தார். குணமடைந்து திரும்பிய ஒவ்வொருவரும் ரிவர்ஸின் நெஞ்சில் ஒரு வினாவாக நின்றனர்.

இறுதி நாட்கள்

1917இன் இறுதியில் ரிவர்ஸ் இலண்டனுக்கு மாறி, வானூர்திப் படையினர்க்கு மருத்துவம் செய்தார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். முன்பு தனிமையை விரும்பிய அவர், இப்போது எவரும் எளிதில் அணுகும் இயல்பினர் ஆனார். அவர் அறைக்கதவு மாணவர்க்கு எப்போதும் திறந்திருந்தது. 1920இல் 'இயல்புணர்ச்சியும் நனவிலி மனமும்' என்னும் பொருளமைந்த நூலை வெளியிட்டார். உலகத் துன்பத்தைக் கண்ட பின் ஆய்வுக்கூடத்திலேயே அடங்கியிருத்தல் இயலாது என்று கருதி, 1922இல் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நிற்கவும் இசைந்தார். ஆயின் தேர்தல் வருமுன்பே, குடலிறக்கம் நெரிப்புண்ட பிணியால் திடீரெனத் தாக்குண்டு, 1922ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் தமது 58ஆம் அகவையில் கேம்பிரிட்ஜில் மறைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அவரால் வாழ்வு பெற்றவர்களே அவர் மக்கள் எனலாம். சசூன் 1936இல் எழுதிய தம் நூலில், பிறர் பெயர்களை மாற்றியும், ரிவர்ஸ் பெயரை மட்டும் மாற்றாது எழுதி நன்றி செலுத்தினார்.

பின்னாளில் விளைந்த பயன்

போர் முடிந்த பின் உலகம் அந்நோயைப் பெரிதும் மறந்தது. மீண்டும் போர்கள் வந்தன. மீண்டும் உள்ளங்கள் உடைந்தன. 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப்பகுப்பு நூலில், 'பேரதிர்ச்சிக்குப் பின் உண்டாகும் மனவழுத்த நோய்' என்னும் பெயரால் இது தனி நோயாக ஏற்கப்பட்டது. போர்வீரர்க்கு மட்டும் அன்றி, வெள்ளம், தீ, ஊர்தி விபத்து, வன்கொடுமை ஆகியவற்றில் அகப்பட்ட ஆடவர், மகளிர், சிறுவர் யாவர்க்கும் இந்நோய் வரக்கூடும் என்று இன்று அறிகின்றோம். நிகழ்ந்தது மீண்டும் மீண்டும் கனவிலும் நனவிலும் தோன்றுதல், அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்குதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை ஆகியவை ஒரு திங்களுக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின், மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கொடிய நிகழ்ச்சிக்கு ஆளான எல்லார்க்கும் இந்நோய் வருவதில்லை. பலர் சுற்றத்தாரின் துணையோடு நாளடைவில் தாமே தேறுவர். ஆகவே, நிகழ்ந்தவுடன் ஒருவரை வற்புறுத்திப் பேசச் செய்தல் தவறு. நோய் நிலைத்தவர்க்கோ, பயிற்சி பெற்ற மருத்துவர் முன், அஞ்சும் நினைவைச் சிறிது சிறிதாக நேர்நின்று நோக்கி, அதன் பொருளைத் திருத்தி உணரும் முறையே இன்று சிறந்த மருந்துகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. இன்றைய முறைகள் பல ஆராய்ச்சிகளாற் செப்பம் செய்யப்பட்டவை. எனினும், கிரெய்க்லாக்கார்ட்டு அறையில் ரிவர்ஸ் கண்ட நெறியின் சாயல் அவற்றில் விளங்குகின்றது.

நம்முடன் பயிலும் மாணவருள்ளும், நம் தெருவில் வாழ்வோருள்ளும், வெளியே சொல்லாத அச்சத்தை நெஞ்சிற் சுமந்து திரிபவர் இருத்தல் கூடும். அவரைக் கோழை என்று எள்ளுதல் அறிவுடைமை ஆகாது; மறந்துவிடு என்று எளிதாய்ச் சொல்லி அகலுதலும் உதவி ஆகாது. அவர் தாமே சொல்ல முன்வரும்போது பொறுமையுடன் கேட்பதும், தக்க பெரியோரிடமும் மருத்துவரிடமும் அவரை அழைத்துச் செல்வதும் நம்மால் இயலும் செயல்கள். நாத் திக்கிய ஒருவர், நாவடைத்துப்போன பலரைப் பேச வைத்தார். அவர் கையில் இருந்த கருவி, செவி ஒன்றே. அச்செவியின் பொறுமையை நாமும் பெறுவோமாக.